பழைய இறக்குமதி டீசல் வண்டி எடுத்துத் தூரப் பயணம்: கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறவர்களுக்குப் பழைய வண்டி பார்த்துச் சொல்வது என் தொழிலில் ஒரு பகுதி. மற்ற நேரமெல்லாம் டீசல் பம்பும் நாசிலும்தான். நெல்லியாம்பதி ஜீப் பாதையில் ஒருமுறை போய்வந்தவர்கள், லடாக் வீடியோ பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து அங்கே ஓட்டிய மாதிரியே ஒன்று தேடுகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். கேட்பது என்னவோ திரும்பத் திரும்ப அதே கேள்விகள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, இம்போர்ட்டட் வண்டின்னா எது எதுங்க? பஜேரோ இம்போர்ட்டடா, இல்லையா?

கம்பெனி ஜப்பான்காரனுடையது என்பதால் மட்டும் வண்டி இறக்குமதி ஆகிவிடாது. 2.8 லிட்டர் டீசல் பஜேரோ எஸ்எஃப்எக்ஸ், பிறகு 2012-ல் வந்த பஜேரோ ஸ்போர்ட் இரண்டுமே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பூட்டி இறக்கியவை. ஃபார்ச்சூனர் கர்நாடகாவில் பிடதியில் செய்தது. எண்டெவர் மறைமலை நகர். இசுஸு வி-கிராஸ் ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் வருகிறது. முழு வண்டியாகக் கப்பலில் வந்தவை என்றால் லேண்ட் க்ரூஸர் 80, 100, பிராடோ, மாண்டெரோ, நிஸான் பட்ரோல், பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இந்த மாதிரி.

சந்தேகம் வந்தால் சேஸி நம்பரைப் பாருங்கள். 17 இலக்கத்தில் முதல் எழுத்து ஆங்கில ‘ஜே’ என்றால் ஜப்பானில் செய்தது. எம்.ஏ. முதல் எம்.இ. வரை எதில் தொடங்கினாலும் இந்தியாவில் செய்தது. ஆர்.சி.யில் ‘இம்போர்ட்டட்’ என்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பின்னால் கட்டப்போகும் பணம் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். பதினைந்து வருடக் கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

துபாய்ல மச்சான் ஒரு பட்ரோல் வச்சிருக்காரு. அதை அப்படியே கப்பல்ல ஏத்திக் கொண்டுவர முடியாதா?

முடியாது. பயன்படுத்திய வண்டியை இந்தியாவுக்குள் இறக்க வேண்டுமானால் அது செய்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். சுங்கவரி வண்டி விலையையே தாண்டிவிடும். துபாய் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம், கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. இன்னொன்று, வளைகுடாவில் ஓடும் பட்ரோலும் லேண்ட் க்ரூஸரும் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். ‘துபாய் டீசல் பட்ரோல், ஒரே ஓனர்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலப்புறம், பாலக்காடு பக்கம் துபாய் நம்பர் பலகையோடு வண்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை கார்னே என்கிற தற்காலிக ஆவணத்தில் வந்தவை. ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். இங்கே விற்கவோ பதிவு செய்யவோ முடியாது. ஆக, நீங்கள் வாங்கக்கூடிய பழைய இறக்குமதி வண்டி என்பது எப்போதோ முறையாக வரி கட்டி வந்து, இங்கே பதிவாகி, கைமாறிக்கொண்டிருக்கும் வண்டி மட்டும்தான். எண்ணிக்கை குறைவு. அதனால்தான் அந்த விலை, அதனால்தான் இவ்வளவு தில்லுமுல்லு.

பேப்பர் எல்லாம் கிளீன்னு புரோக்கர் சொல்றாரு. பரிவாகன்லயும் காட்டுது. அப்புறம் என்னங்க?

பரிவாகன் என்கிற அரசு வாகனப் பதிவு இணையதளத்தில் காட்டுவது, ஏதோ ஒரு ஆர்.டி.ஓ. அந்த வண்டியைப் பதிவு செய்திருக்கிறார் என்பதை மட்டும்தான். சுங்கவரி கட்டியதா என்பது அதில் தெரியாது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று ஒரு சோதனை நடத்தியது. பூடானிலிருந்து வரி கட்டாமல் கடத்தி, ஹிமாச்சல் போன்ற வெளி மாநிலங்களில் போலி ஆவணத்தில் பதிவு செய்து, கேரளாவில் விற்ற வண்டிகளைத் தேடினார்கள். முதல் நாளிலேயே முப்பதுக்கும் மேல் பிடித்தார்கள், லேண்ட் க்ரூஸர்கள் அதில் உண்டு. அந்த வண்டிகளுக்கும் ஆர்.சி. இருந்தது. கடைசியாகப் பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டு வாசலிலிருந்துதான் வண்டி போனது.

அதனால் முதல் கேள்வியே ‘பில் ஆஃப் என்ட்ரி இருக்கா?’ என்று கேளுங்கள். வண்டி துறைமுகத்தில் இறங்கியபோது சுங்கத்தில் தாக்கல் செய்த ஆவணம் அது. சேஸி நம்பர், இறக்குமதி செய்தவர் பெயர், கட்டிய வரி எல்லாம் அதில் இருக்கும். டொயோட்டாவோ மிட்சுபிஷியோ தாங்களே கொண்டுவந்து ஷோரூமில் விற்ற வண்டி என்றால் முதல் விற்பனை ரசீதும் பழைய சர்வீஸ் பதிவுகளும் போதும். தூதரக வண்டி, ராணுவ ஏலம் என்று கதை வந்தால் ஏலக் கடிதமும் வரி ரசீதும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அடுத்து, தயாரித்த வருடத்தையும் முதல் பதிவு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1997-ல் செய்த வண்டி 2014-ல் முதன்முதலாக ஏதோ மலை மாநிலத்தில் பதிவாகியிருந்தால், நடுவிலிருந்த 17 வருடம் அது எங்கே இருந்தது என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

பிறகு சேஸி நம்பர். மாடலைப் பொறுத்து முன் சக்கரத்துக்குப் பக்கத்திலோ பின்னாலோ சேஸியில் குத்தியிருப்பார்கள். டீசல் நனைத்த துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சுற்றி ஒரு கையளவு இடத்தில் மட்டும் புது பெயிண்ட், அல்லது கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். எஞ்சினைப் பார்க்கவே வேண்டாம்.

15 வருஷம் தாண்டின டீசல் வண்டியை ரோட்டுல விடுவாங்களா? எடுத்துட்டு வீட்டுல நிறுத்தி வைக்கற மாதிரி ஆயிடாதே?

தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் சொந்த உபயோக வண்டிக்கு வயதை மட்டும் வைத்துத் தடை கிடையாது. 15 வருடம் முடிந்ததும் ஃபிட்னஸ் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. பசுமை வரி தனி. கட்டணத்தில்தான் இறக்குமதிக்கும் உள்ளூருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2022 ஏப்ரலிலிருந்து சாதாரண காருக்குப் புதுப்பிப்பு 5,000 ரூபாய், இறக்குமதி நான்கு சக்கர வண்டிக்கு 40,000. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இன்னும் ஏற்றினார்கள்: சாதாரண காருக்கு 10,000, இறக்குமதிக்கு 80,000. திருவள்ளூர் பஜேரோவும் ஜப்பான் லேண்ட் க்ரூஸரும் ஒரே வயதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. கவுண்டரில் ஒன்றல்ல. பேரம் பேசும்போது அடுத்த புதுப்பிப்பு எந்தத் தேதியில் என்று பார்த்து, அந்தப் பணத்தை விலையில் கழியுங்கள்.

தூரப் பயணம் போகிறவர்களுக்கு உண்மையான தலைவலி டெல்லி. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025-ல் பெட்ரோல் பங்குகளில் டீசல் ஊற்றத் தடை, பிறகு நிறுத்திவைப்பு, உரிமையாளர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்ற உத்தரவு, அதில் மறுபடி திருத்தம் என்று மாறி மாறி வந்தது. குர்கான், நொய்டா, ஃபரீதாபாத், காஜியாபாத் எல்லாம் அந்த வட்டாரத்துக்குள்தான். லடாக் போகிறவர்கள் ராஜஸ்தான் வழியாகப் பஞ்சாபுக்கு ஏறிவிடுவது நிம்மதி. கேரளாவிலும் 2016-ல் ஆறு நகரங்களில் இதே மாதிரி ஒரு பசுமைத் தீர்ப்பாய உத்தரவு வந்தது, உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதை இன்னும் சிலர் ‘கேரளாவில் பழைய டீசல் தடை’ என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். விற்கிறவர் நீங்கள் என்றால் கவனம்.

வண்டி கே.எல்.09, நான் இருக்கறது பொள்ளாச்சி. நம்பர் மாத்தியே ஆகணுமா?

12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடப்போகிறது என்றால் மாற்ற வேண்டும். பாலக்காட்டில் ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, பொள்ளாச்சியில் ஃபார்ம் 27 கொடுத்து, பெயர் மாற்றத்துக்கு 29, 30. தமிழ்நாட்டு ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், கேரளாவில் கட்டியதில் மீதிக்கு ரீஃபண்ட் கேட்கலாம். என்.ஓ.சி.யை வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று பேசி முடியுங்கள். இறக்குமதி வண்டிக்கு என்.ஓ.சி. சிக்காமல் இழுத்தால் அதுவே ஒரு தகவல்.

எந்த எஞ்சின் எடுத்தா வழியில நிக்காதுங்க?

நிற்காத எஞ்சின் கிடையாது. எது எப்படிப் போகும், போனால் எங்கே சரி செய்யலாம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் கண்ணோட்டத்தில் சொல்கிறேன்.

லேண்ட் க்ரூஸர் 80-ல் வரும் 1எச்இசட், 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை. வேகம் எதிர்பார்க்கக் கூடாது, லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் எதையும் தாங்கும். டைமிங் பெல்ட்டை மட்டும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அதே வண்டியில் டர்போவோடு வந்த 1எச்டி-டி இழுவையில் ராஜா, ஆனால் ஆரம்ப கால எஞ்சின்களில் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டில் பூட்டும் இடத்து பேரிங்) தேயும். மாற்றிய ரசீது இருந்தால் நல்லது, இல்லையென்றால் மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள். பட்ரோலில் 4.2 டிடி42 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், டைமிங்கே கியரில் ஓடுகிறது, பெல்ட் பயம் இல்லை. அதே பட்ரோலில் 3.0 இசட்டி30 என்றால் பிஸ்டன் உருகும் பேர் வாங்கிய எஞ்சின். எனக்கு வேண்டாம்.

பிராடோவில் பழைய 1கேஇசட் சூடானால் ஹெட் கிராக் விடும். அடுத்து வந்த 1கேடி, நம் ஊர் ஃபார்ச்சூனரிலும் இருக்கிற 3.0 லிட்டர், நல்ல எஞ்சின். ஆனால் இன்ஜெக்டர் சீட்டில் கசிந்தால் கரி ஆயிலில் இறங்கி, சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஆயில் பிரஷர் விழும்போது எஞ்சினே போய்விடும். பஜேரோவின் 4எம்40-க்கு டைமிங் செயின், பம்பும் பழைய பாணி, எங்கள் கைக்கு அடங்கும். அதற்கும் சூடு ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை நன்றாகக் கொதித்த ஹெட்டை நம்பாதீர்கள். மாண்டெரோவின் 3.2 காமன் ரெயில் (கம்ப்யூட்டர் சொல்லி டீசல் தெளிக்கும் வகை) நெடுஞ்சாலையில் சுகம், பம்பிலிருக்கும் சக்ஷன் வால்வு தகராறு செய்யும்போது வண்டி ஏற்றத்தில் திக்கும்.

மெக்கானிக்கல் பம்பா, காமன் ரெயிலா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

மெக்கானிக்கல். இப்போது ஒரு வார்த்தைக்கு மேல். பழைய ரோட்டரி பம்பு கசிந்தால் கோயம்புத்தூரில் மட்டுமில்லை, நாக்பூரிலோ ஜோத்பூரிலோ கூட டீசல் பம்பு கடைக்காரர் கழற்றி சீல் போட்டுக் கையில் கொடுப்பார். காமன் ரெயிலில் ஒரு சென்சார் பொய் சொன்னாலே வண்டி வேகம் எடுக்காது, அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். அழுக்கு டீசலும் தண்ணீரும் அதற்கு எமன்.

அதற்காகக் காமன் ரெயிலை ஒதுக்கச் சொல்லவில்லை. இந்தியாவுக்குள், டொயோட்டா சர்வீஸ் இருக்கிற ஊர்களை ஒட்டிப் போகிறவர் என்றால் 1கேடி பிராடோவே வசதி. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க 10 பி.பி.எம். கந்தகம் உள்ள பிஎஸ்-6 டீசல்தான் என்பதால் அந்தப் பக்கம் கவலை குறைவு. பழைய ரோட்டரி பம்புகளில் முதுமையில் இறுகிப்போன ரப்பர் சீல்கள் இந்த டீசலில் கசியத் தொடங்குவதை நான் நிறையப் பார்க்கிறேன். பயணத்துக்கு முன்பே புது சீல் போட்டுவிட்டால் முடிந்தது.

வண்டி பார்க்கப் போறேன். நீங்க வர முடியாது. நானே என்னென்ன பார்க்கணும்?

காலையில் போங்கள், வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம், அது ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை. குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கலாம். துள்ளிக் கீழே விழுந்தால் ரிங் தேய்ந்து கேஸ் அடிக்கிறது, எஞ்சின் வேலை காத்திருக்கிறது.

அடுத்து அடியில் படுங்கள். ஒரு சின்ன சுத்தியல் எடுத்துப் போய்ச் சேஸியை நெடுகத் தட்டுங்கள், முக்கியமாகப் பின் சக்கரத்துக்கு மேல் வளையும் இடம், பாடி மவுண்ட் இருக்கும் இடங்கள். கணீர் என்ற சத்தம் திடீரென்று மங்கினால் உள்ளே துரு. புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்த சேஸி என்றால் இன்னும் சந்தேகத்தோடு தட்டுங்கள். பொன்னானி, கோழிக்கோடு மாதிரிக் கடலோரத்தில் இருந்த வண்டிக்கும் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் இருந்த வண்டிக்கும் துருவில் நிறைய வித்தியாசம் உண்டு. கேரளாவில் மழைக்கால ஆஃப்ரோடு போட்டி ஓடிய வண்டியா என்று பார்க்க டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

லோ கியரை (நான்கு சக்கர இழுவையில் மெதுவாக, அதிக பலத்தோடு போகும் 4-எல்) மறக்காதீர்கள். பல பேர் வருடக்கணக்கில் அந்த லிவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். மண் தரையில் நிறுத்தி 4-எல் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக எடுங்கள். தார் ரோட்டில் நான்கு சக்கரமும் பூட்டியபடி வளைக்காதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

ஓட்டிப் பார்க்க எங்க போகலாம்? ஹைவேல ஒரு ரவுண்டு போதுமா?

போதாது. விற்பவர் சம்மதித்தால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுங்கள். 40 கொண்டை ஊசி வளைவு, வேறென்ன டெஸ்ட் வேண்டும்? ஏ.சி. ஓடட்டும், உள்ளே நான்கு பேர் உட்காரட்டும். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு விடுங்கள். கியர் தானாகக் கழன்று வந்தால் கியர் பாக்ஸ் வேலை. பிரேக் பெடல் பாதி வழியில் மெத்தென்று ஆனால் மாஸ்டர் சிலிண்டரையும் பழைய பிரேக் ஆயிலையும் பாருங்கள்.

கிலோமீட்டர் 90 ஆயிரம்தான் காட்டுது. 1996 வண்டிங்க. நம்பலாமா?

மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரையும் டிரைவர் சீட்டின் ஓரத்தையும் ஸ்டியரிங்கின் மேல் பகுதியையும் நம்புங்கள். இந்த வயதில் மூன்று லட்சம் ஓடிய, ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட வண்டி எனக்குப் பிடிக்கும். பத்து வருடம் கொட்டகையில் நின்ற வண்டிக்குத்தான் சீல், ஹோஸ், டேங்க் எல்லாம் பாழாகியிருக்கும்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

ஏற்றத்துக்கும் மணலுக்கும் சுகம்தான். போனால் வழியில் யாரும் தொடமாட்டார்கள். தூரப் பயணத்துக்கு மேனுவல்.

எஞ்சின் மாத்தின வண்டி ஒண்ணு பாதி விலைக்கு வருது. ஜப்பான் ஹாஃப் கட் எஞ்சினாம். எடுக்கலாமா?

ஹாஃப் கட் என்றால் ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பிய பழைய வண்டியின் எஞ்சின். எஞ்சின் மாற்றம் தப்பில்லை. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் விஷயம். ஏறவில்லை என்றால் ஃபிட்னஸில் நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். இந்த வண்டியோடு நாட்டை விட்டு வெளியே போகிற எண்ணம் இருந்தால் தொடவே வேண்டாம். எல்லைச் சுங்கத்தில் ஆவணத்தையும் எஞ்சினையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பார்ட்ஸ் கிடைக்குமா? மிட்சுபிஷியே இந்தியாவுல இல்லைன்னு சொல்றாங்களே.

திருவள்ளூர் தொழிற்சாலை 2017-ல் பியூஜோ குழுமத்துக்குப் போய்விட்டது. இப்போது அங்கே சிட்ரோயென் கார் செய்கிறார்கள். பஜேரோவுக்குப் பழைய ஸ்டாக்கும், வெளியிலிருந்து வருவதும்தான். ஃபில்டர், பிரேக் பேட், புஷ், பேரிங், கிளட்ச் இவற்றுக்குக் கவலை இல்லை. பேரிங்கையும் ஆயில் சீலையும் அளவு சொன்னால் கோயம்புத்தூரில் எடுத்துக்கொள்ளலாம், தேய்ந்த ஷாஃப்ட்டை லேத்தில் சரி செய்யலாம். பாடிப் பொருட்கள், விளக்கு, கண்ணாடி இவைதான் கஷ்டம். உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் அலைய வேண்டியிருக்கும். நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பது இதற்குத்தான் உதவும். சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் லேண்ட் க்ரூஸருக்கும் பஜேரோவுக்கும் கிடைக்காத பொருள் அபூர்வம். ஆனால் எஞ்சின் பொருள் கேட்கும்போது எஞ்சின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், அங்கே ஓடுவது பெட்ரோல் என்று முன்னால் சொன்னேனே.

டயர் அளவையும் பாருங்கள். ஸ்கார்பியோ, போலேரோ, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளோடு பொருந்தும் அளவு என்றால் எந்த மாவட்டத் தலைநகரிலும் கிடைக்கும். 33 அங்குலம் போட்டுக்கொண்டு போய் ஹிமாச்சலின் ஸ்பிதியில் ஒன்று கிழிந்தால் அங்கேயே கூடாரம் போட வேண்டியதுதான்.

ஸ்நார்கல், விஞ்ச், ரூஃப் டென்ட் எல்லாம் போட்டா கேரளாவுல பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், இரும்பு பம்பர் இவற்றில் கேரள மோட்டார் வாகனத் துறை கறாராக இருக்கும். கழற்றி மாட்டக்கூடிய கேரியரும் அதன் மேல் டென்ட்டும் பெரிதாகப் பிரச்சினை ஆவதில்லை, எடை மட்டும் பாருங்கள். கேரியர், டென்ட், இரண்டு கேன், ஸ்டெப்னி என்று மேலே ஏற்றிக்கொண்டே போனால் வால்பாறை வளைவில் வண்டி சாய்வது உங்களுக்கே தெரியும். அந்தப் பணத்தில் புது ரேடியேட்டர், ஹோஸ், நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்கள் என்பது என் கட்சி.

லடாக்குக்கு டர்போ இல்லாத வண்டி ஏறுமா? டீசல் உறையும்னு சொல்றாங்க.

ஏறும், மூச்சு வாங்கும். காற்று குறைந்த உயரத்தில் டர்போ இல்லாத 1எச்இசட் கறுப்புப் புகை விடும், இழுவை குறையும். லோ கியர் எதற்கு இருக்கிறது? டர்போ வண்டி இந்த இடத்தில் நிச்சயம் மேல். குளிர்காலத்தில்தான் டீசல் உறையும் பிரச்சினை. இந்தியன் ஆயில் 2019 முதல் லடாக்கில் −33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசல் விற்கிறது. கீழேயிருந்து நிரப்பிக்கொண்டு போன சாதாரண டீசலோடு டிசம்பரில் ஏறாதீர்கள். மணாலி வழியாகப் போனால் டான்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்கு 365 கிலோமீட்டர் என்று வைத்த பலகை பிரபலம். டேங்க் அளவையும் மைலேஜையும் அங்கே வைத்துக் கணக்குப் போடாமல் இங்கேயே போடுங்கள்.

வெளிநாட்டுக்கே ஓட்டிக்கிட்டுப் போகணும்னா பழைய வண்டி சரிப்படுமா?

ஒரு விஷயத்தில் பழைய வண்டியே லாபம். நேபாளத்துக்கும் பூடானுக்கும் இந்திய வண்டிக்கு எல்லையில் அனுமதி வாங்கினால் போதும். ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்குக் கார்னே வேண்டும், முன்னால் துபாய் வண்டிக் கேள்வியில் சொன்ன அதே ஆவணம். மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. அதற்குக் கட்டும் உத்தரவாதத் தொகை வண்டியின் மதிப்பை வைத்துத்தான். 25 வருட வண்டிக்கு மதிப்பு குறைவு, அதனால் முடங்கும் பணமும் குறைவு.

தரை வழியாக மேற்கே பாகிஸ்தான் அடைப்பு, கிழக்கே மியான்மர் 2021-க்குப் பிறகு நம்ப முடியாத நிலை. சீனாவுக்குள் அந்த ஊர் வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டு வண்டி ஓட்ட முடியாது. அதனால் பெரும்பாலும் வண்டியைக் கப்பலில் வளைகுடாவுக்கு அனுப்பி அங்கிருந்து தொடங்குகிறார்கள். இந்தப் பயணத்துக்கு லேண்ட் க்ரூஸர் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஆப்பிரிக்கா வரை அதைத் தெரியாத மெக்கானிக் கிடையாது.

வீட்டுக்காரர் பிடிவாதமா பழைய லேண்ட் க்ரூஸர்தான் வேணுங்கறாரு. இந்தச் செலவுக்கு ஒரு கூர்க்காவோ பழைய ஃபார்ச்சூனரோ எடுத்தா ஆகாதாங்க?

நீங்கள் கேட்பதுதான் நியாயம் அக்கா. பயணம் இந்தியா, நேபாளம், பூடானோடு முடிகிறது என்றால் நாலு சக்கர இழுவை உள்ள ஃபார்ச்சூனர் 3.0 போதும், பார்ட்ஸும் ஆர்.சி. கட்டணமும் நிம்மதி. ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃப் லாக் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு) கம்பெனியே கொடுக்கிறது, எஞ்சின் மெர்சிடிஸ் வழி வந்தது. நெடுஞ்சாலையில் சத்தமும் குலுக்கலும் அதிகம்தான். லேண்ட் க்ரூஸர் 80 எடுக்க இரண்டு காரணம்தான் எனக்குத் தெரியும்: கடல் தாண்டிப் போவது, அல்லது அந்த வண்டி மேல் ஆசை. ஆசைதான் என்றால் அவர் அதை ஒப்புக்கொள்ளட்டும், செலவுக் கணக்கை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓனர் குவைத்துல இருக்காராம். ஃபார்ம் 29, 30-ல கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போயிருக்காரு, தம்பிதான் விக்கறாரு. நாலு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்களாம், உடனே அட்வான்ஸ் கேக்கறாங்க. என்ன பண்ணட்டும்?

கையெழுத்துப் போட்ட வெற்று ஃபார்ம் எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. இப்போது பெயர் மாற்றத்துக்கு ஓனரின் போனுக்கு ஓ.டி.பி. போகும், அந்த நம்பர் இன்னும் அவர் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குவைத்துக்காரரை வீடியோ காலில் கூப்பிட்டு, ஆர்.சி.யில் உள்ள பெயர் போட்ட பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். தம்பி விற்க வேண்டுமானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட பவர் பத்திரம் இருக்க வேண்டும். இன்சூரன்ஸும் ஃபாஸ்டேகும் யார் பெயரில் என்று கேளுங்கள், பல நேரம் நடுவில் இன்னொரு ஓனர் இருப்பது அங்கேதான் தெரியவரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், பில் ஆஃப் என்ட்ரியின் நகலை வாங்கிச் சேஸி நம்பரோடு ஒப்பிட்ட பிறகு, ஓனர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அட்வான்ஸ் போடுங்கள். தம்பியின் ஜிபே நம்பருக்கு வேண்டாம். அதற்குள் அந்த நாலு பேரில் ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் போகட்டும்.